லொரெட்டா மீது லொரெட்டா மோதிய வருஷம்

டிக்லேஸ் குடா என்கிற மீன்பிடி ஊரில் பெயர்களுக்குப் பெரும் பஞ்சம். மேரி என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். கிளெமெண்ட் டோபின் என்றே மூன்று பேர். ஒருவன் செம்பட்டைக் கிளெம், ஒருவன் பாலத்துக் கிளெம், மூன்றாமவன் மேட்டுக் கிளெம். அப்படிப்பட்ட ஊரில் லொரெட்டா என்று ஒருத்திதான் இருந்தாள். கடைக்காரர் பேட் கரீனின் இளைய மகள். அப்பா செத்த பிறகு மாவு, வெல்லப்பாகு, புகையிலை, தூண்டில் கயிறு என்று கடையை அவள்தான் நடத்தினாள். லொரெட்டா என்றால் போதும். எந்த லொரெட்டா என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உள்ளுக்குள் நிறையவே உண்டு.

நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்த மறு வருஷம், மாதா கோயில் திருவிழா நடனத்தில், மேட்டுக் கிளெம் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தான். ஆறடி உயரம், நல்ல மீன்காரன். ஆனால் வாயைத் திறந்தால் பாதி விளையாட்டு, பாதி வம்பு. அக்கார்டியன் வாசிப்பு நிற்கிற நேரம் பார்த்துக் கேட்டான்.

"லொரெட்டா, என்னைக் கட்டிக்கிறியா?"

"உன்னைக் கட்டிக்கிறதுல ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல. உன் பேரைக் கட்டிக்கிட்டு அழணுமே, அதான். ஏற்கெனவே ஆறு மிஸஸ் டோபின் இருக்காங்க இந்த ஊர்ல. நான் ஏழாவதா? எனக்கு என் பேரு போதும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிளெமும் சிரித்தான். தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சொன்னான்: "சரி, என் பேரு உனக்கு வேணாம்னா உன் பேரை நான் எடுத்துக்கறேன். அவ்ளோதானே?"

விளையாட்டுக்குப் பேசுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த வாரமே அவன் படகின் மூக்கில் வெள்ளைச் சாயத்தில் 'லொரெட்டா' என்று எழுதியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது.

அந்தப் பக்கத்து ஆட்கள் படகையும் பெண்ணாகவே பேசுவார்கள். அதுதான் வினையானது. கடையில் தேயிலை வாங்க வந்த செம்பட்டைக் கிளெம் முகத்தைத் துளிகூட மாற்றாமல் சொன்னான்: "லொரெட்டாவுக்கு இப்பல்லாம் ஒரே ஒழுக்கு. மேட்டுக் கிளெம் அவளைக் கவுத்துப் போட்டு அடியில தார் பூசிட்டிருக்கான்."

கடை முழுக்கச் சிரிப்பு. லொரெட்டா தராசில் தேயிலையை ஒரு சிட்டிகை குறைத்துப் போட்டாள். வேறென்ன செய்வாள்?

கிளெம் அதோடு நிற்கவில்லை. தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த குட்டை லொரெட்டா குட்டை ஆயிற்று. குடாவின் வாயில் ஒரு பாறை உண்டு. நீர் இறங்கினால்தான் தலை காட்டும். அதற்கும் அந்தப் பேரையே வைத்தான். "ஏண்டா அதுக்கு?" என்று கேட்டவர்களிடம், "எப்பவாவதுதான் முகத்தைக் காட்டுவா. கிட்டப் போனவன் உடையாம திரும்பினதில்ல," என்றான். பிறகு எங்கிருந்தோ ஒரு வெள்ளாட்டை ஓட்டி வந்தான். எதிரில் வருகிறவனை முட்டுகிற ஆடு. பேர் சொல்லவே வேண்டாம்.

வசந்தத்தில் அந்த ஆடு ஈன்றது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பாலத்துக் கிளெம் உரக்கச் சொன்னான்: "தெரியுமா சங்கதி? லொரெட்டாவுக்கு ரெட்டை!" பங்குச் சாமியார் ஹெர்லிஹிக்கு ஒரு காது மந்தம். கேட்கிற காது அன்று வாசல் பக்கம் இருந்துவிட்டது. மறுநாள் காலை கடைக்கு வந்து, கதவைச் சாத்தி, தொண்டையைச் செருமினார்.

"மகளே, நடந்தது நடந்துபோச்சு. நான் திட்ட வரல. அப்பன் யாருன்னு மட்டும் சொல்லு."

"எதுக்கு அப்பன், ஃபாதர்?"

"ரெட்டைக்கு!"

லொரெட்டாவுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் காது மடல் வரைக்கும் சிவந்தாள். "கறுப்புத் துறையில ஒரு கிடா இருக்கு ஃபாதர். அதுதான்னு பேசிக்கிறாங்க. கொம்பு கூட ஒத்துப்போகுதாம்."

சாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை குலுங்கிச் சிரித்தார். அடுத்த ஞாயிறு, 'மனிதர்களின் பெயரை மிருகங்களுக்கு வைப்பது' பற்றிப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்து, பாதியில் அதே சிரிப்பு வந்துவிடவே, இருமுவதுபோல் பாவனை செய்து இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் லொரெட்டா ஒரு பன்றிக்குட்டி வாங்கினாள். இளஞ்சிவப்பு நிறம், காதில் ஒரு கறுப்புப் புள்ளி. கடை வாசலிலேயே வேலி போட்டு விட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தாள்.

"இவன்தான் கிளெமெண்ட். நவம்பர்ல அறுக்கப் போறேன். தொடை வேணும்கறவங்க இப்பவே சொல்லி வச்சிருங்க."

"நாக்கு?" என்றாள் செம்பட்டைக் கிளெமின் மனைவி.

"அது யாருக்கும் இல்லம்மா. அவ்ளோ நீள நாக்கை ஊறப்போட என்கிட்ட உப்பு கிடையாது."

ஊருக்கு நல்ல கோடைகாலம். கிளெமெண்ட் சேற்றில் புரள்கிறான், கிளெமெண்ட் கோஸைத் தின்றுவிட்டான், கிளெமெண்ட்டைக் குச்சியால் இரண்டு போட்டேன் என்று இந்தப் பக்கம். லொரெட்டா சண்டி பண்ணுகிறாள், லொரெட்டா என் துணியைத் தின்றுவிட்டாள் என்று அந்தப் பக்கம். மேட்டுக் கிளெம் தினமும் புகையிலை வாங்க வருவான். வாங்கியதும் வேலியருகே நின்று பன்றிக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைப்பான். "என்ன மச்சான், வீட்டுக்காரம்மா ஒழுங்கா சாப்பாடு போடுறாங்களா?"

"உன்னைவிட அவன் அடக்கமான பிள்ளை," என்பாள் உள்ளேயிருந்து லொரெட்டா.

அக்டோபரில் ஒரு காலை கடும் பனிமூட்டம். மீன் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மேட்டுக் கிளெம், குடாவின் வாயைத் தவறவிட்டு, தான் பேர் வைத்த அந்த லொரெட்டா பாறையிலேயே படகை ஏற்றிவிட்டான். படகு இரண்டாகப் பிளந்தது. பின்னால் வந்த செம்பட்டைக் கிளெம் சத்தம் கேட்டு, பனிக்குள் துழாவி, ஒரு பலகையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவனை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். உயிருக்குச் சேதமில்லை. ஆனால் படகில் அந்தப் பலகையைத் தவிர ஒரு குச்சிகூட மிஞ்சவில்லை.

மத்தியானம் வந்த கடலோரக் கப்பலில் இந்தச் செய்தி ஏறிக்கொண்டது. கப்பல் அடுத்து நின்றது கறுப்புத் துறையில். மேல்தட்டிலிருந்து ஒரு மாலுமி கரையில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான்: "டிக்லேஸ் குடாவுல லொரெட்டா போயிட்டா! பாறையில மோதி ரெண்டா பொளந்துட்டாளாம்! கிளெம் மட்டும் தப்பிச்சான்!"

கறுப்புத் துறையில்தான் லொரெட்டாவின் அக்கா வினிஃப்ரெட்டைக் கட்டிக்கொடுத்திருந்தது. அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு வார்த்தை நின்று வெகுநாளாயிற்று. தங்கையின் ஊரில் நடக்கிற பெயர்க் கூத்து எதுவும் அவளுக்குத் தெரியாது. செய்தி கேட்டதும் தரையில் விழுந்து புரண்டாள். ராத்திரியோடு ராத்திரியாக உலர்திராட்சை போட்டு ஒரு பெரிய கேக் சுட்டாள். மறுநாள் கறுப்பு உடை போட்டுக்கொண்டு, கணவன் கஸ்ஸையும் கேக்கையும் படகில் ஏற்றி, வழி முழுவதும் ஒப்பாரி வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

கடைக் கதவைத் திறந்தவள் கண்டது, மாவு நிறுத்துக்கொண்டிருந்த தங்கையை.

கேக்கை கஸ் பிடித்துக்கொண்டான். இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும்.

"நீ... நீ செத்துட்டேன்னாங்களே!"

"எவன் சொன்னான்?"

"பாறையில மோதிட்டியாமே!"

"நான் ஏண்டி போய் பாறையில மோதணும்? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ரெண்டா பொளந்துட்டேன்னு..." வினிஃப்ரெட் தங்கையின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். முழுசாகத்தான் இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். லொரெட்டாவும் அழுதாள். மாவுக் கையோடு அணைத்ததில் அக்காவின் கறுப்பு உடை முழுக்க வெள்ளை. கஸ் மட்டும், ஏதாவது சொல்லியாகவேண்டுமே என்று, "அப்போ இவளோட பச்சைக் கோட்டு நமக்குக் கிடையாதா, வின்னி?" என்றான்.

அழுகை சட்டென்று நின்றது. "நான் செத்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள என் கோட்டா?" என்று லொரெட்டா கத்த, வினிஃப்ரெட் கணவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் மூவரும் சிரித்தார்கள். துக்கத்துக்குச் சுட்ட கேக்கை வீணாக்க முடியுமா? லொரெட்டா தேநீர் போட்டாள். சங்கதி தெரிந்து ஊரே கடைக்குள் கூடிவிட்டது. செத்தவளே கேக் வெட்டித் தருகிறாள் என்று ஆளாளுக்கு ஒரு துண்டு.

அந்தக் கூட்டத்துக்குள்தான் மேட்டுக் கிளெம் வந்தான். நெற்றியில் கட்டு, முகம் வெளிறியிருந்தது.

"வாப்பா, கொலைகாரா!" என்றாள் லொரெட்டா, எல்லோருக்கும் கேட்கும்படி. "என்னைக் கொண்டுபோய் என் மேலயே மோதி, என்னை மூழ்கடிச்சிட்டு, நீ மட்டும் நீந்தி வந்துட்டியா?"

சிரிப்பில் கடை அதிர்ந்தது. கிளெம் சிரிக்கவில்லை. தேநீரை வாங்கினான். "ஆமா லொரெட்டா. என் தப்புதான்," என்று மட்டும் சொன்னான். குடிக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டான். புகையிலைகூட வாங்கவில்லை. வேலியருகேயும் நிற்கவில்லை.

இவன் பதிலுக்கு வம்பு பேசாமல் போவானென்று லொரெட்டா நினைத்ததே இல்லை. அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

படகில்லாத மீன்காரனுக்கு ஊரில் என்ன வேலை? அந்த வாரமே அவன் ஆட்டைப் பாலத்துக் கிளெமிடம் விட்டுவிட்டு, அர்ஜென்ஷியா என்ற துறைமுகத்தில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்தில் தச்சு வேலைக்குப் போய்விட்டான்.

நவம்பர் வந்தது. கத்தியைத் தீட்டிக்கொண்டு செம்பட்டைக் கிளெம் வந்து நின்றான். லொரெட்டா பன்றியைப் பார்த்தாள். பன்றி அவளைப் பார்த்தது.

"இளைச்சிருக்கான். கொஞ்சம் தேறட்டும்," என்றாள்.

"இளைச்சிருக்கானா? கதவுக்குள்ள நுழைய மாட்டான் போலிருக்கே!"

"நான்தானே வளர்க்கிறேன்? எனக்குத் தெரியாதா?"

டிசம்பரில், குளிரில் அறுத்தால் கறி கெட்டிப்படும் என்றாள். அப்படியொரு சாஸ்திரத்தை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜனவரியில் கத்தி மொட்டை என்றாள். பிப்ரவரியில் பெரும் பனிப்புயல் அடித்தபோது, பன்றியைக் கடைக்குப் பின்னாலிருந்த அடுப்படிக்குள்ளேயே கட்டினாள். ஊர் என்ன குருடா? கடைக்கு வருகிறவர்கள் உப்பைக் கேட்கிற சாக்கில், "கிளெமெண்ட் ராத்திரி நல்லாத் தூங்குறானா? போர்த்திக்கிறானா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். ஆனால் சொல்லும்போது பழைய காரம் இல்லை.

மே மாதம் கப்பலிலிருந்து மேட்டுக் கிளெம் தோளில் மூட்டையோடு இறங்கினான். நேரே கடைக்குத்தான் வந்தான். வேலிக்குள் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பன்றி படுத்திருந்தது. காதில் கறுப்புப் புள்ளி.

"இவன் இன்னும் உயிரோடவா இருக்கான்?"

"அறுக்கிறவனுக்குக் கை சரியில்ல," என்றாள் லொரெட்டா.

"ஆறு மாசமாவா?"

அவன் மூட்டையை இறக்கினான். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"படகு கட்டப் போறேன். பலகை வாங்கக் காசு சேர்த்துட்டேன். பேரு எதுவும் வைக்கல. உன்னைக் கேக்காம இனிமே எதுக்கும் வைக்க மாட்டேன்."

"வை. வைக்காட்டி நீ வேற யாரோ மாதிரி இருக்கே." கல்லாப் பெட்டியை இழுத்து மூடினாள். "கட்டிக்கிறேன். ஆனா மிஸஸ் டோபின்னு எவனாவது கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

யாரும் கூப்பிடவில்லை. ஊர் அந்தச் சிக்கலைத் தானே தீர்த்துக்கொண்டது. கல்யாணமான மறுவாரமே மேட்டுக் கிளெம் என்ற பேர் மறைந்து, அவன் லொரெட்டா கிளெம் ஆனான். சாகும்வரை அந்தப் பேர்தான். சாமியார் ஹெர்லிஹி மட்டும் கோயில் ஏட்டில் முறைப்படி திருமதி டோபின் என்று எழுதிவிட்டு, அவள் காதில் படாமல் பார்த்துக்கொண்டார்.

எங்கே குடியிருப்பது என்பதில்தான் பெரிய சண்டை. கடையை விட்டு வரமாட்டேன் என்றாள் அவள். அவனுடைய தாத்தா செய்த ஓக் கட்டிலை விட்டு வரமாட்டேன் என்றான் அவன். கடைசியில் கட்டிலையே கடை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். படிக்கட்டு திரும்புமிடத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மற்ற இரண்டு கிளெம்களும் மேல்பக்கம் மாட்டிக்கொண்டு, இறங்க வழியில்லாமல், லொரெட்டா கீழேயிருந்து கம்புக் கொக்கியில் மாட்டி நீட்டிய ரொட்டியைத் தின்றார்கள். சாயங்காலம் வேறு வழியின்றி அவன் ரம்பத்தை எடுத்து இரண்டு காலை அறுத்தான்.

அவசரத்தில் அறுத்தது, அளவு ஒத்துவரவில்லை. கட்டில் அவன் படுக்கிற ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தே நின்றது. அடியில் மரத்துண்டு வைக்கிறேன், வைக்கிறேன் என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தான். தூக்கத்தில் தினமும் லொரெட்டா அவன் மேல் உருண்டு வந்து விழுவாள்.

"ஒரு கட்டை வச்சா என்னவாம் உனக்கு?" என்பாள் காலையில்.

"இன்னிக்கு வச்சிடறேன்," என்பான் அவன்.