விளக்கு வைத்த பிறகு வெளியே போகாத வரைபடம்

போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது சுத்து வழி காட்டுது" என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்கார்ந்த இடத்தில் ஊர் உலகமெல்லாம் கைக்குள் வந்து விழுகிறது, அதிலும் ஒரு குறை. எங்கள் காலத்தில் மரக்காணம் கரையோரத்தின் வரைபடம் மொத்தமும் ஒரே ஒரு பென் டிரைவில் இருந்தது. அது பஸ்ஸில் போகும், பஸ்ஸில் வரும். டிக்கெட் எடுத்தது நாங்கள்தான்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, நிவாரண வேலைக்கென்று மரக்காணத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து வரைபட வேலையை ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு வெயிலில் நடந்து, வீடு, கிணறு, பாதை, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைப் பதிந்துவந்து கணினியில் ஏற்ற வேண்டும். உப்பளத்தின் நடுவில் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து உப்பு வாரும் பெண்கள் விடமாட்டார்கள். "சிக்னல் கெடச்சுதா, இல்ல இன்னும் கொஞ்சம் கறுக்கணுமா?" என்பார்கள். நானும் சளைக்காமல், "உங்க அளவுக்குக் கறுத்தப்புறம்தான் கெடைக்குமாம்" என்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அந்த வெயில் எனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது.

அடுத்த கோடையில் எங்கள் வரைபடத்துக்குப் புது வேலை வந்தது. கடலோரச் சவுக்குத் தோப்புகளில் தீப்பிடிக்கத் தொடங்கியது. காய்ந்த சவுக்குச் சருகு தரை முழுக்க மெத்தை மாதிரி கிடக்கும், யாரோ எறிந்த ஒரு பீடித் துண்டு போதும். தீயணைப்பு வண்டிகள் திண்டிவனத்திலிருந்தும் பாண்டிச்சேரிப் பக்கமிருந்தும் வரும். வருகிறவர்களுக்கு எந்தத் தோப்புக்கு எந்தப் பாதை என்று தெரியாது. அதனால் வரைபடத்தை அச்சடித்து அவர்கள் கையில் கொடுக்கச் சொன்னார்கள்.

அச்சடிப்பது கூனிமேட்டில். அங்கே ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார், சுற்று வட்டாரத்தில் கலர் பிரிண்டர் அவரிடம் மட்டும்தான் இருந்தது. இன்னொரு கணினி எங்களோடு வேலை பார்த்த ஓர் அக்காவிடம். உள்ளடங்கிய கிராமங்களின் கிளை அறையை அவர்தான் கவனித்துக்கொண்டார். ஆக மூன்று கணினி, மூன்றிலும் அதே வரைபடம். ஆளாளுக்குத் திருத்தினோம், ஆளாளுக்கு "புதுசு" என்று பெயர் வைத்தோம். கோடையின் முதல் தீயில் இரண்டு வண்டிக்காரர்கள் எங்களுடைய இரண்டு அச்சுப் பிரதிகளை நடுரோட்டில் விரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஒன்றில் கிணறு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. நல்லவேளை, அன்று எரிந்தது வெறும் புல்.

அதற்குப் பிறகுதான் அந்த ஏற்பாடு. ஒரே ஒரு பென் டிரைவில் இருப்பதுதான் அசல். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் திருத்தலாம், மற்றவர்கள் தங்களிடம் இருக்கும் நகலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மற்ற பென் டிரைவ்களோடு கலந்துவிடக் கூடாதே என்று, அறையில் கிடந்த மஞ்சள் கயிற்றை எடுத்து நான்தான் அதில் கட்டினேன். "தாலி கட்டியாச்சு, இனிமே கண்ட எடத்துல சுத்தாது" என்றேன். பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "ஆனா மூணு வீட்டுல குடித்தனம் பண்ணுதே தங்கச்சி" என்றார். ஏற்பாடு நன்றாகவே நடந்தது. மஞ்சள் கயிறு தெரிந்தால்தான் பாய் பிரிண்டரையே ஆன் செய்வார்.

என் கூடப்பிறந்த அக்காவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீடு கடலோடு போய்விட்டது. கைக்குழந்தையோடு தார் ஷீட் கொட்டகை ஒன்றில் இருந்தாள். அந்த வரிசைக் கொட்டகைகள் முதலில் பெரிய ரோட்டை ஒட்டி, சவுக்குத் தோப்பின் முன்பக்கம் இருந்தன. இடத்துக்காரர் நிலத்தைக் கேட்டார் என்று எல்லாவற்றையும் பிரித்து, தோப்பின் வடக்குக் கோடியில், உப்பளத்தை ஒட்டிப் போட்டார்கள். அங்கே போக உப்பு லாரி போகும் மண்பாதை ஒன்றுதான். நான் அந்தப் பாதையை நடந்து பதிந்துகொண்டு வந்து, கொட்டகை ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்து, நேராக அசலிலேயே ஏற்றினேன், என் கணினியில் நகல்கூட எடுத்து வைக்கவில்லை. அதோடு பென் டிரைவ் என் கையை விட்டு அக்காவிடம், கிளை அறை அக்காவிடம், போய்விட்டது. தண்ணீர்த் தொட்டிகளைச் சேர்க்க வேண்டியது அவருடைய முறை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை வாங்கிவர அவர் வீட்டுக்குப் போனேன். அறையில் கொடுத்திருந்த டி.வி.எஸ். ஐம்பதில்தான். விவசாயக் குடும்பம், வாசலில் மாடு. உள்ளே அவருடைய மாமியார் அப்போதுதான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினார். சாமி அலமாரியில், குத்துவிளக்குப் பக்கத்தில், சின்னத் தட்டில், குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது எங்கள் பென் டிரைவ்.

"மஞ்சக் கயிறு கட்டியிருக்குது, இவ கண்ட எடத்துல போட்டு வச்சிருந்தா. நான்தான் எடுத்து வச்சேன்" என்றார் மாமியார்.

"அதை எடுத்துக்கிட்டுப் போகத்தாம்மா வந்தேன்."

"வெளக்கு வச்சாச்சே பொண்ணு. வெள்ளிக்கெழம வெளக்கு வச்சப்புறம் உப்பக் கூடக் குடுக்க மாட்டோம், இதப் போய் எப்படிக் குடுக்குறது? காலையில வா, காப்பி குடிச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போ."

நான் கிளை அறை அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தார். அந்த வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்று புரிந்துவிட்டது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு, சரி, நாளைக்குத்தானே என்று செருப்பை மாட்டினேன்.

அப்போதுதான் கிளை அறை அக்காவின் செல்போன் அடித்தது, எடுத்தவர் என்னிடம் நீட்டினார். பாய் பேசினார். குரலே சரியில்லை. "அந்த உப்பளத்துத் தோப்புல தீ தங்கச்சி. ரோட்டுப் பக்கமிருந்து புடிச்சு வடக்கால ஓடுது. வண்டிங்க வந்துகிட்டிருக்குது, பிரிண்ட் கேக்குறாங்க. எங்கிட்ட இருக்கிறது பழசும்மா. கொட்டகைங்க ரோட்டோரம்தான் இருக்குது இதுல."

நான் குறுக்கே விழுந்து சொன்னேன். "பாய், கொட்டகைங்களை வடக்குக் கோடிக்கு மாத்திட்டாங்க. எங்க அக்கா அங்கதான் இருக்கா. உப்பு லாரி பாதையில போகச் சொல்லுங்க."

"சொல்றேம்மா, சொல்லாம இருப்பனா? ஆனா எந்தக் கரைன்னு சொல்றது? அங்க உப்புப் பாத்திக்கு நடுவுல போற எல்லாக் கரையும் ரோடு மாதிரிதான் தெரியும். தப்பான கரையில ஏறிச்சுன்னா வண்டி சேத்துல எறங்கிடும். அப்புறம் பின்னால வர்ற வண்டியும் போவ முடியாது."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நடந்து பதிந்த எனக்கே, பேனாவைக் கொடுத்து வரை என்றால் திருப்பங்களைச் சரியாக வரைய முடியாது. பகலிலேயே அந்தப் பாத்திகளுக்கு நடுவில் திசை தப்பும். சரியான பாதை ஒரே ஒரு இடத்தில் இருந்தது, குங்குமப் பொட்டோடு.

நான் அழுதுவிட்டேன். வெட்கமே படவில்லை. "அம்மா, எங்க அக்காவும் கொழந்தையும் அங்க இருக்காங்கம்மா. இதுக்குள்ளதான் வழி இருக்குது" என்றேன். கத்தினேன் என்பதுதான் சரி.

மாமியார் விறுவிறுவென்று உள்ளே திரும்பினார். அலமாரிப் பக்கம் போனார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பென் டிரைவை எடுத்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினார். "குடுக்க மாட்டேன். நானே எடுத்துக்கிட்டு வர்றேன். வண்டிய எடு" என்றார்.

அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாமியார் நல்ல கனத்த உடம்பு, டி.வி.எஸ். ஐம்பதோ கொஞ்சம் மேடு வந்தாலே முனகுகிற வண்டி. ஒரு கையால் இடுப்பு முடிச்சையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, "வேகமா போ, வேகமா போ" என்று அவர் முருகனையும் என்னையும் மாறி மாறி விரட்டிக்கொண்டே வந்தார். கிழக்கே வானம் சாம்பலாகக் கிடந்தது. அந்தப் புகைக்குக் கீழே என் அக்கா இருக்கிறாள் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

கூனிமேட்டில் பாய் கணினியைப் போட்டு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். தீயணைப்புக்காரர் ஒருவரும் கூட இருந்தார். "வாங்கம்மா" என்று பாய் கையை நீட்ட, மாமியார் முடிச்சை அவிழ்த்தாரே தவிரக் கொடுக்கவில்லை. "எங்க சொருவணும், காட்டுங்க." பாய் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கணினிப் பெட்டியை மேசை விளிம்புக்கு இழுத்துத் திருப்பி, துளையைக் காட்டினார். மாமியார் முதலில் தலைகீழாகக் குத்தினார், போகவில்லை. திருப்பிக் குத்தினார், போயிற்று. நகல் ஏறி முடியும்வரை மஞ்சள் கயிற்றிலிருந்து விரலை எடுக்காமலே நின்றார்.

பிரிண்டர் கோடு கோடாக அந்தப் பாதையைத் துப்பியது. காகிதம் முழுதாக வெளியே வருவதற்குள் தீயணைப்புக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். ஈரம் காயாத மையோடு ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று போனது.

வண்டி சரியான கரையில் ஏறியது. தோப்புக்கும் கொட்டகைகளுக்கும் நடுவில் நின்று தண்ணீர் அடித்தார்கள், அந்த நேரத்துக்குள் சனங்கள் மண்பாதை வழியாக வெளியே ஓடிவந்தார்கள். பின்னாலேயே போய் நாங்கள் காத்திருந்த பெரிய ரோட்டில் உப்பு லாரி ஒன்றின் மேலிருந்து என் அக்கா குழந்தையோடு இறங்கினாள். முகமெல்லாம் கரி. நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே திட்டினேன். எதற்குத் திட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மாமியார் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "சாமிகிட்ட வச்சதாலதான் வழி கெடச்சுது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று அவர் எது சொல்லியிருந்தாலும் நாங்கள் தலையாட்டியிருப்போம்.

ஆனால் கொட்டகைகள் மிஞ்சவில்லை. காற்று திரும்பிவிட்டது, தார் ஷீட் எரிய எவ்வளவு நேரம் ஆகும்? சனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள்.

சில நாள் கழித்து அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நான் தோப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன், எரிந்த பகுதிக்கு வேறு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தேன். திரைக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"இதுல எங்க வீடு எதுடி?"

வடக்குக் கோடியில் வரிசையாக இருந்த புள்ளிகளைக் காட்டி, கடைசிக்கு முந்தினதைச் சொன்னேன். விரலை எடுத்து அதன் மேல் வைத்தாள். கடலோடு போன வீட்டுக்குப் புள்ளிகூட இருந்ததில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் வரைபடமே போட ஆரம்பித்தோம். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதை மட்டும் அப்படியே விட்டுடறேன்கா. ஒண்ணுதானே, யாரு பாக்கப் போறாங்க" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஏற்பாடாவது ஒன்றாவது.

அக்கா விரலை எடுத்தாள். "வேணான்டி. இன்னொரு நாளு எங்கனா தீப்புடிச்சா, ஆளு இல்லாத எடத்துல வண்டி வந்து எங்களத் தேடிக்கிட்டு நிக்கும். நாங்க வேற எங்கயோ நின்னு கத்திக்கிட்டிருப்போம். அழிச்சிடு."

அந்த வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து டெலீட்டை அமுக்கினேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

"என்னாடி கேக்குது அது?"

"நெசமாவே அழிச்சிடட்டுமான்னு கேக்குதுக்கா."

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஆமான்னு சொல்லு" என்றாள்.