கிரேன் அறையில் பூனைக்குட்டிகள்

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில், பொருளியல் நூல்கள் முடிகிற இடத்தில், ஒரு மஞ்சள் தலைக்கவசம் இருக்கிறது. தொழிற்சாலையைப் பார்க்க வருபவர்களுக்கு வாசலில் கொடுத்து, திரும்பும்போது வாங்கிக்கொள்ளும் வகை. முன்பக்கம் 'பார்வையாளர்' என்று கறுப்பு எழுத்து. பின்பக்கம், தலையின் அளவுக்கேற்ப உள்பட்டையை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சிறு திருகு. திருவள்ளூரில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரின் வீட்டில் இருப்பதற்கு நியாயமில்லாத பொருள்தான். என் மனைவி கும்மிடிப்பூண்டியிலிருந்து கொண்டுவந்தது. அவள் இல்லாமல் இது இரண்டாவது மழைக்காலம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் அலமாரி முழுவதையும் துடைப்பார். தலைக்கவசத்தை மட்டும் நான் துடைப்பேன்.

அவள் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் வணிகச் செய்தியாளராக இருந்தாள். விலை எப்படி உருவாகிறது என்று நான் வகுப்பில் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவள் அது உருவாகும் இடங்களுக்கே போய்வந்துகொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. நிறுவனத்தின் செய்தியாளர் சந்திப்பு முடிந்ததும் மற்றவர்கள் அங்கே கொடுக்கும் அன்பளிப்புப் பையை வாங்கிக்கொண்டு வண்டி ஏறுவார்கள். அவள் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில், ஷிப்ட் மாறும்வரை உட்கார்ந்திருப்பாள். "உள்ளே கொடுக்கிறது அறிக்கை, வெளியே குடிக்கிறது டீ. ரெண்டும் சேர்ந்தாத்தான் செய்தி" என்பாள். இதைப் பெரிய கொள்கையாக அவள் ஒருபோதும் சொன்னதில்லை. டீ பிடிக்கும் என்பதும் ஒரு காரணம்.

தலைக்கவசம் வந்த நாளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையின் நிர்வாக இயக்குநர், தங்கள் இரண்டாவது யூனிட் முழு வீச்சில் ஓடுவதாக அறிவித்தார். செய்தியாளர்களுக்குத் தலைக்கவசம் கொடுத்து முதல் யூனிட்டைச் சுற்றிக் காட்டினார்கள். இரண்டாவதைப் பாதுகாப்புக் காரணங்களால் காட்ட இயலாது என்றார்கள். என் மனைவி தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து அப்படியே டீக்கடைக்கு வந்துவிட்டாள். அங்கே பெஞ்சில் இருந்தவர் அந்த இரண்டாவது யூனிட்டின் கிரேன் ஓட்டுநர், எளாவூர்க்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த உரையாடலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"ரெண்டாவது யூனிட் ஃபுல்லா ஓடுதாமே?"

"யாரு மேடம் சொன்னது?"

"உங்க எம்.டி."

"அவருக்கு இன்னா தெரியும், பாவம். அவரு கீழ நிக்கிறவரு. நான் மேல குந்திக்கினு இருக்கிறவன். தீபாவளிலேர்ந்து கிரேனு ஒரு அடி நகரல. என் கேபின்ல பூனை குட்டி போட்டு வச்சிக்கீது. தொந்தரவு பண்ணா அதுக்குப் பேஜாரு. நானே மேல ஏர்றதில்ல."

கடையே சிரித்தது. டிவியில் வரும், பரவாயில்லையா என்று அவள் கேட்டாள். "வரட்டும் மேடம். பூனைக்கும் ஒரு பேரு வரட்டும்" என்றார்.

அன்று மாலையே செய்தி ஒளிபரப்பானது. மறுநாள் அந்த நிறுவனத்தின் பங்கு விழுந்தது. உற்பத்தி தாமதமாகியிருப்பதை நிறுவனம் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கிடைக்கும் தகவல் அனைத்தையும் சந்தை விலைக்குள் சேர்த்துக்கொள்கிறது என்று பணிக்காலம் முழுவதும் பாடம் நடத்தியிருக்கிறேன். பூனைக்குட்டிகள் சேர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். கிரேன் ஓட்டுநரை இனி வர வேண்டாம் என்று அடுத்த வாரமே சொல்லிவிட்டார்கள். என் மனைவியையும் அந்த வாசலில் அதன்பின் அனுமதிக்கவில்லை. "உள்ளே விடட்டும், திருப்பிக் கொடுக்கிறேன்" என்று சொல்லித் தலைக்கவசத்தை அலமாரியில் வைத்தாள்.

அவரைப் பார்க்க எளாவூருக்குப் போய்வந்தாள். "கோவம்லாம் இல்ல மேடம். கேட்டீங்க, சொன்னேன்" என்றாராம். பல மாதங்கள் கழித்து ஒரு காலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். அவள் ஒலியைக் கூட்டி எனக்கும் கேட்கும்படி வைத்தாள். "மேடம், திரும்ப மேல ஏறிட்டேன். வேற கம்பெனி. இங்க பூனை கீனை எதுவும் கிடையாது." புதிய முதலாளிக்கு இவர்தான் அந்தப் பூனைக்காரர் என்று தெரியாது. கிரேன் அறையில் இருப்பவரின் முகத்தை முதலாளிகள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்த ஆண்டு, தொலைக்காட்சியில் வணிக, நிதிச் செய்திகளுக்காக வழங்கப்படும் விருதின் இறுதிச் சுற்றுக்கு அவளுடைய அந்தப் பூனைச் செய்தித் தொகுப்பு தேர்வாகியிருந்தது. அனுப்பியவர் அவளுடைய செய்தி ஆசிரியர். அவளுடைய துறையில் அதற்கு மேல் ஒரு விருது இல்லை. அவள் அதை விரும்பினாள் என்பதை மறைக்க நான் முயலப்போவதில்லை. கருநீலக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்திருந்தாள். பிறகு விழாவின் அழைப்பிதழ் வந்தது. முதன்மைப் புரவலராக அச்சாகியிருந்த பெயர், கிரேன் ஓட்டுநரின் புதிய முதலாளியுடையது.

இறுதிச் சுற்றுத் தொகுப்புகளை மேடையில் சுவரளவு திரையில் போடுவார்கள். புரவலர் தன் ஆலை அதிகாரிகளோடு முதல் வரிசையில் இருப்பார். கிரேன் ஓட்டுநரின் முகத்தை மட்டும் மறைத்துப் போட முடியுமா என்று விழாக் குழுவிடம் கேட்டாள். "முடியாது மேடம். டெலிகாஸ்ட் ஆனது எப்படியோ அப்படியேதான் போடணும். அதான் ரூல்" என்றார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு, "ரூல் சரிதான்" என்றாள். விருதுக்காக ஒரு செய்தியைப் பின்னால் திருத்த அனுமதித்தால், பிறகு எதை நம்புவது என்பது அவள் வாதம். மறுநாளே போட்டியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தாள்.

செய்தி ஆசிரியர் வீட்டுக்கே வந்து கத்தினார். "ஜூரியே பூனைக்குட்டிக்கு ஓட்டுப் போடத் தயாரா இருக்கான், நீ எலிக்குப் பாவம் பாக்குறியாம்மா?" அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். என் கருத்தும் வேறாக இருந்தது. அந்த மனிதரையே கேட்டுவிடலாமே, முடிவு செய்யும் உரிமை அவருக்கும் உண்டல்லவா என்றேன்.

"கேட்டா என்ன சொல்வார்னு தெரியும். போடுங்க மேடம், பரவால்லன்னு சொல்வார். அப்புறம் வேலை போனா அது அவர் எடுத்த முடிவுன்னு ஆயிடும். ஏற்கெனவே ஒரு தடவை அப்படித்தானே கேட்டேன்? நீங்களும் அவர்கிட்ட சொல்லக்கூடாதுங்க."

விழாவுக்கு இருவரும் போனோம். தேநீர் வேளையில் புரவலர் அவளை அடையாளம் கண்டுகொண்டு நெருங்கி வந்தார். நல்ல மனிதராகவே தெரிந்தார்.

"அந்தப் பூனை மேட்டர் நீங்கதானேம்மா? எங்க வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். யாரும்மா அந்த ஆளு?"

"எதுக்கு சார்?"

"சும்மாதான். நம்ம கம்பெனி பக்கம் வந்துடப் போறான். அவ்ளோ வாய் இருக்கிறவன் நமக்கு ஆகாது."

"அவர் வரமாட்டார் சார்" என்றாள் என் மனைவி. ஒரு பொய் சொல்லும்போது அவள் முகம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. விருது, வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிய ஓர் அரங்க நிகழ்ச்சிக்குப் போயிற்று. எழுந்து நின்று கைதட்டினாள். காரில் திரும்பும்போது, "விருந்துல பன்னீர் நல்லா இருந்தது இல்ல?" என்றாள். அதன்பின் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. வேறு ஆண்டுகளிலும் அந்த விருது அவளுக்கு வரவில்லை. பிறகு நோய் வந்தது.

சென்ற மாதம் கிரேன் ஓட்டுநர் வந்திருந்தார். பார்வை மங்கியதால் வேலையை விட்டுவிட்டு, எளாவூர்ச் சோதனைச்சாவடி அருகே மகனோடு பஞ்சர் கடை வைத்திருக்கிறார். சேதி தாமதமாகத்தான் தெரிந்தது என்றார். அவளுடைய படத்தின் முன் சிறிது நேரம் நின்றார். உட்கார்ந்த பிறகு, கேட்கவே வந்தவர்போலக் கேட்டார்.

"நம்ம பூனை மேட்டருக்குப் பிரைஸு வரப்போவுதுன்னு அப்போ டிவில கீழ எழுத்து ஓடிச்சி சார். அப்புறம் வரலன்னாங்க. நான் வெளையாட்டாப் பேசினதாலதான் போச்சோன்னு மனசுல ஒரு இது. பெரிய மனுசங்க சபைல போயி பூனை கதை…"

சொல்லக்கூடாது என்றவள் அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருந்தாள். அந்தக் காரணத்தை யோசித்துப் பார்த்தேன். முடிவின் சுமை அவர் மேல் விழக்கூடாது என்பதுதான் அது. இப்போது அந்த முடிவை யாரும் எடுக்க முடியாது. அது என்றோ எடுக்கப்பட்டு முடிந்தது. அவரிடம் எஞ்சியிருந்தது வேறொரு சுமை, அதுவும் தவறானது. ஆகவே நடந்ததை வரிசையாகச் சொன்னேன். புரவலரின் பெயரைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே சார்" என்றார். "போடுங்க மேடம், பரவால்லன்னு சொல்லியிருப்பேனே."

"தெரியும். அதனால்தான் கேட்கவில்லை" என்றேன்.

அவர் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொள்ள அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. தலைக்கவசத்தைப் பார்த்தார். "அட, எங்க பழைய கம்பெனிது" என்று கையில் எடுத்தார். எடுத்ததும், ஆண்டுக்கணக்கான பழக்கத்தில், அவருடைய கட்டைவிரல் பின்பக்கத் திருகுக்குப் போயிற்று.

"அதைத் திருகாதீர்கள்" என்றேன். நான் நினைத்ததைவிடக் குரல் உரத்துவிட்டது.

அவர் திருகையும் என்னையும் பார்த்தார். "மேடம் தலை அளவா சார்?"

நான் தலையசைத்தேன். இரண்டு கைகளாலும் அதை எடுத்த இடத்திலேயே, எழுத்து வெளியே தெரியும்படி வைத்தார்.