மதியத்தில் மூன்று பீரியட் கணக்கு

போன வருடம் எங்கள் பள்ளியின் இன்னொரு கணக்கு ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதும், அவருடைய பீரியடுகளும் என் தலையில் விழுந்தன. ஸ்ரீரங்கத்தில், பிளஸ் ஒன் பெண்களுக்கு, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தொடர்ந்து மூன்று பீரியட் கணக்கு. சாம்பார் சாதம் சாப்பிட்டு வந்த நாற்பது பேரை விழிக்க வைப்பது லேசா? எனக்கு வீம்பு அதிகம். என் வகுப்பில் ஒருத்தியும் தூங்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கண் சொருகினால் குழாயடிக்குப் போய் முகம் கழுவி வர வேண்டும். இதுதான் என் சட்டம். அதிகம் போனவள் கடைசி பெஞ்சில் இருந்த லால்குடிப் பக்கத்துப் பெண். விடிவதற்கு முன் எழுந்து ரயிலைப் பிடிப்பவள். இன்ஜினியரிங் படித்தே தீருவேன் என்று சொல்பவள். காலாண்டில் ஃபெயில்.

"அரையாண்டுலயும் ஃபெயில் ஆனா காமர்ஸ் குரூப்புக்கு மாத்திடலாம், பார்த்துக்குங்க" என்றார் தலைமையாசிரியை.

அன்று அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கணக்கின் தொடக்கம் இருந்தது, முடிவும் இருந்தது. நடுவில் ஏழெட்டு வரி வெற்றிடம். காலாண்டு விடைத்தாளிலும் அதே இடங்களில்தான் தடுமாறியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வரிகளை நான் போர்டில் எழுதிய நேரத்தில் அவள் குழாயடியில் நின்றிருக்கிறாள். அனுப்பியது நான்.

அவளைக் கூப்பிட்டு, "தப்பு என்னோடதும்மா" என்றேன்.

"பரவால்ல மிஸ். குழாய்கிட்ட நின்னுக்கிட்டே கொஞ்சம் தூங்கிட்டுதான் வருவேன்."

சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. மறுநாளே குழாய்ச் சட்டத்தை எடுத்தேன். இருபது நிமிடத்துக்கு மேல் நான் பேசுவதில்லை. அதன் பிறகு சாக்பீஸ் ஒரு பெஞ்சின் கைக்குப் போகும். அவர்கள் போர்டில் போட வேண்டும், மற்றவர்கள் தப்புப் பிடிக்க வேண்டும். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். முதல் வாரம் ஒரே கூச்சல். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்து முறைத்தார். நானும் முறைத்தேன். அடுத்தவள் தப்பைப் பிடிக்கும் ஆசையில் தூக்கம் எங்கே வரும்! லால்குடிப் பெண் மட்டும் போர்டு முன்னால் நின்றால் பாதியில் மாட்டிக்கொள்வாள். ஆனால் சாக்பீஸைக் கொடுக்க மாட்டாள்.

அரையாண்டு விடைத்தாளைத் திருத்தினேன். பாஸ் மார்க்குக்கு இரண்டு குறைவு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், மாறவில்லை. அன்று பாலக்கரையில் என் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் மனசே சரியில்லை.

மறுநாள் தாளைக் கொடுத்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"மிஸ், இந்த ஸ்டெப்புக்கு மார்க் போடல. நான் வேற வழில போட்டிருக்கேன், ஆனா சரியாதான் வருது."

"எப்படி வருதுன்னு போர்டுல போட்டுக் காட்டு."

போட்டாள். வகுப்பே தப்புத் தேடியது, ஒருத்திக்கும் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. சிவப்பு மையில் இரண்டு மார்க் சேர்த்துக் கையெழுத்திட்டேன். பெல் அடிக்கும்வரை பொறுக்க முடியாமல், தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு நடந்தேன்.