சனிக்குக் கீழே வெள்ளி

என் கடை அரியாங்குப்பத்தில். ஒரு ரூம், ரெண்டு கம்ப்யூட்டர். சின்ன இடங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பேன். லாட்ஜ், டியூஷன் சென்டர், சமையல் கான்ட்ராக்ட். செய்து கொடுப்பது சீக்கிரம் முடிஞ்சுடும். அப்புறம் வருஷக்கணக்கில் அது ஓடுதா என்று பார்த்துக்கொள்ளணும். அதுதான் வேலை.

படிப்பு பத்தாவதோடு சரி. அப்பா மில்லில் இருந்தார். மில்லை மூடினதும் நான் ஒரு பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். அங்கே பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான் எல்லாம். கூட ஒரு தம்பி வேலை செய்தான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கடையைப் போட்டோம். பிறகு அவன் சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போயிட்டான். நான் இருக்கேன்.

டவுனில் ஒரு டயாலிசிஸ் சென்டர். தர்மத்துக்கு நடத்துறாங்க. கிட்னி கெட்டுப் போனவங்க வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து, மெஷினில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு போவாங்க. ஆளுக்கு இன்ன நாள் என்று முறை உண்டு. முறையை மாற்றணும் என்றால் வெப்சைட்டில் காலண்டரைத் திறக்கணும். ஒரு நாளைத் தொட்டால் அந்த நாளுக்கு மெஷின் ஒதுக்கியாகும். அந்த வெப்சைட் நாங்க செய்தது.

சென்டரை நடத்துறது ஒரு மதாம். நம்ம ஊர்க்காரங்கதான். பிரான்சில் ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவங்க. காலண்டர் திங்கள்கிழமையில் ஆரம்பிக்கணும் என்று முதல் நாளே சொல்லிட்டாங்க. தமிழ்ப் பக்கம், பிரெஞ்சுப் பக்கம், ரெண்டும்.

"ஞாயித்துக்கிழமையில வாரம் ஆரம்பிக்குதா? அன்னைக்கு எவன் வேலை செய்யறான்?" என்றாங்க.

தம்பி தலையை ஆட்டினான். ரெண்டும் திங்களில் ஆரம்பிச்சது. எப்படிச் செய்தான் என்று நான் கேட்கவில்லை.

இந்த வேலையில் எல்லாத்தையும் நாமே எழுத மாட்டோம். காலண்டர் வேணும் என்றால் யாரோ எழுதி வச்ச காலண்டர் நெட்டில் இருக்கும். இறக்கிச் சேர்த்துக்கலாம். லைப்ரரி என்று பேர். அந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி வேணும். அதுக்கு இன்னொண்ணு. ஒண்ணைக் கேட்டால் ஒரு கூட்டமே வந்து இறங்கும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். அதற்குள்ளே போய் யாரும் கை வைக்கக் கூடாது. அது அடுத்தவன் எழுதினது. திரும்ப இறக்கினால் பழையபடி ஆயிடும்.

கடை போட்ட புதுசில் நெட் மோசம். பாதி இறங்கும், நிற்கும். அதனால் ஒரு தடவை ஒழுங்காக இறங்கின ஃபோல்டரை பென் டிரைவில் போட்டு, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போவோம். கம்ப்யூட்டர் மாறினாலும் அதே ஃபோல்டர். நெட் சரியான பிறகும் அப்படியே பழகிட்டோம். முறை இல்லைதான். ஓடிச்சு, விட்டுட்டோம்.

போன மழைக்காலத்தில் சர்வர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. சர்வர் சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷன் இனி ஓடாது, மாற்றிக்கோ என்று. பழைய ஃபோல்டரை வச்சுக்கொண்டு புது வெர்ஷனுக்குப் போக முடியாது. எல்லாத்தையும் புதுசாக இறக்கணும். சரி என்று உட்கார்ந்தேன்.

திரை முழுக்கச் சிவப்பில் எர்ரர். காலண்டர் லைப்ரரிக்குத் தேதி லைப்ரரியின் பழைய வெர்ஷன்தான் வேணுமாம். மெசேஜ் அனுப்புகிற லைப்ரரிக்குப் புதுசுதான் வேணுமாம். ஒண்ணுக்கு ஆகிறது இன்னொண்ணுக்கு ஆகாது. ஒவ்வொண்ணாகக் கழற்றினேன், ஒவ்வொண்ணாகச் சேர்த்தேன். எது எதுக்கு வேணும் என்று பார்த்தேன். காலண்டரின் புது வெர்ஷனைப் போட்டதும் சண்டை ஓய்ந்தது. சிவப்பு போச்சு. பக்கம் திறந்தது. காலண்டர் வந்தது. தொட்டால் பதிவாச்சு. சர்வரில் ஏத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலையில் சென்டர் சிஸ்டர் போன் பண்ணினாங்க.

"அக்கா, கனகசெட்டிக்குளத்து ஐயா இன்னும் வரல. அவரு நம்பரு அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல. வீட்டம்மா நம்பரு சைட்டுல இருக்குமில்ல, எடுத்துக் குடுங்க."

"அவரு முறை திங்கள், வியாழன்தானே?"

"அத மாத்திட்டாரு. பேத்திக்குக் காதுகுத்துன்னு. இன்னைக்கு வரேன்னு போட்டிருக்காரு. மெஷின் சும்மா நிக்குது."

"நாளைக்குப் படுக்க வைக்க முடியாதா?"

"நாளைக்கு ஃபுல்லு. ஞாயிறு லீவு. திங்கக்கிழமை வந்துட்டுப் போனவரு. இன்னைக்கு விட்டா அடுத்த திங்கள்தான். ஒரு வாரம் தாங்காதுக்கா அவருக்கு. மூச்சு முட்டிடும்."

நம்பரைக் கொடுக்கவில்லை. நானே போன் போட்டேன். அந்தம்மா எடுத்தாங்க. பின்னாடி பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"டயாலிசிஸ் சைட்டுல இருந்து பேசறேம்மா. ஐயா ஏன் இன்னும் வரல?"

"நாளைக்குத்தானம்மா."

"இன்னைக்குன்னு போட்டிருக்கே."

"எவ சொன்னது? சனிக்கிழமைன்னு நாங்க பார்த்துதானே போட்டோம். போன்ல சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது, நான்தான் கூட நின்னேன். சனின்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழதான் அமுத்துனாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

போனைக் காதில் வச்சுக்கொண்டே காலண்டரைத் திறந்தேன். மேலே வரிசையாகத் திங்கள், செவ்வாய், புதன். அதெல்லாம் சரி. சனி என்று எழுதியிருக்கிற இடத்துக்குக் கீழே பார்த்தேன். அங்கே இருந்தது அன்றைய தேதி. வெள்ளிக்கிழமை தேதி. எல்லாத் தேதியும் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

ஏத்தின அன்றைக்கு நான் பக்கம் திறக்குதா என்று மட்டும் பார்த்தேன். எந்தக் கிழமைக்குக் கீழே எந்தத் தேதி என்று பார்க்கவில்லை.

"அம்மா, நீங்க அமுத்துனது சரி. தப்பு எங்களுது. இப்பவே அவர அழைச்சுக்கிட்டுக் கெளம்புங்க. நாளைக்கு மெஷின் இல்ல."

பாத்திரச் சத்தம் நின்னது.

"நல்லா வெப்சைட்டு வச்சீங்கம்மா. மனுசன் கடக்கரையில சீட்டு ஆடிக்கிட்டு இருக்காரு. நேத்து விருந்துல வேணாம் வேணாம்னு சொல்லியும் ரசத்தக் குடிச்சிட்டு, கால் வீங்கிக் கெடக்கு. நாளைக்குப் போறோமே, சரியாப் போயிடும்னு நானும் விட்டுட்டேன்."

"யாரையாவது அனுப்பி உடனே கூப்பிடுங்க. பஸ்ஸுக்கு நிக்காதீங்க."

"மருமகன் இன்னும் ஊருக்குப் போகல. மீன் வண்டி இருக்கு. பார்க்கறேன்."

வச்சுட்டாங்க.

சிஸ்டருக்குச் சொன்னேன். மத்தியானம் வரைக்கும் அந்த மெஷினை யாருக்கும் கொடுக்காமல் வச்சிருக்கேன் என்றாங்க. "அதுக்கு மேல என் கையில இல்லக்கா. டாக்டர் வேற ஆள ஏத்தச் சொல்லிடுவாரு."

முதலில் காலண்டரை மூடினேன். முறை மாற்றணும் என்றால் சென்டருக்குப் போன் பண்ணவும் என்று ஒரு வரி போட்டேன். புதுசாக ஏத்தினதுக்கு அப்புறம் வேறு யார் மாற்றினாங்க என்று பார்த்தேன். மூணு பேர். பேரைச் சிஸ்டருக்கு அனுப்பினேன். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. ரெண்டு பேர் தேதி பார்த்துத் தொட்டவங்க. கிழமையைப் பார்க்கவே இல்லை. அவங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிள்ளைச்சாவடியில் ஒரு அம்மா மட்டும் கிழமை பார்த்துத் தொட்டிருந்தாங்க. அவங்க முறை அடுத்த வாரம்தான். சரி பண்ணிடலாம்.

ஆக, அவர் ஒருத்தர்தான்.

அவர் வரும் வரைக்கும் நான் சும்மா இருக்க முடியாது. பிரெஞ்சுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அது சரியாக இருந்தது. சனிக்குக் கீழே சனி. அதனால்தான் மதாம் கண்ணில் படவில்லை. அவங்க பிரெஞ்சில்தான் பார்ப்பாங்க. தமிழ் மட்டும் ஏன் தள்ளிப் போச்சு?

பழைய கம்ப்யூட்டரில் பழைய ஃபோல்டர் இன்னும் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். தமிழும் சரி. அப்படியென்றால் கோளாறு நம்ம எழுத்தில் இல்லை. லைப்ரரியில் இருக்கு. இல்லை, பழைய லைப்ரரியில் ஏதோ இருந்தது, புதுசில் அது இல்லை.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"மீட்டிங்குக்கா."

"வெளிய வா."

வந்தான். சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சான்.

"ஐயோ, அது இன்னும் ஓடிக்கிட்டா இருந்துது? லைப்ரரியில பிரெஞ்சுக்குத் தானாவே திங்கள்லதான் வாரம் ஆரம்பிக்கும். தமிழுக்கு ஞாயிறு. உள்ள ஒரு ஜீரோ இருக்கும். ஜீரோன்னா ஞாயிறு, ஒண்ணுன்னா திங்கள். அத ஒண்ணு ஆக்கிட்டேன். மேல கிழமைப் பேர மட்டும் நம்ம பக்கத்துல கையால எழுதிட்டேன்."

"லைப்ரரிக்குள்ளயே போயி மாத்துனியா?"

"அப்ப அதான் சீக்கிரம்."

"யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்ட சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க."

"இத்தன வருஷமாவா டீ வாங்குனேன்?"

அவன் மெதுவாக, "அவருக்கு என்னாச்சுக்கா?" என்றான்.

"தெரியல. வந்துக்கிட்டு இருக்காரு."

"மறுபடியும் அந்த ஜீரோவ ஒண்ணு ஆக்கிடுங்க. அர நிமிஷ வேலை."

"அடுத்த தடவ இறக்குனா மறுபடி ஜீரோ ஆயிடும். நீ மீட்டிங்குக்குப் போ."

நான் புதுசாக இறக்கினதில் தேதி மறுபடி ஞாயிறில் ஆரம்பிச்சது, அவன் கையால் எழுதின பேர் மட்டும் திங்களிலேயே நின்னது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பென் டிரைவில் தூக்கிக்கொண்டே திரிந்ததில் அந்த ஒண்ணும் கூடவே வந்துச்சு. நாங்க முறைப்படி ஒரு தடவையாவது புதுசாக இறக்கியிருந்தால் அன்றைக்கே தெரிஞ்சிருக்கும்.

லைப்ரரியைத் தொடவில்லை. தமிழுக்கும் வாரம் திங்களில் ஆரம்பம் என்று நம்ம பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். லைப்ரரியில் அப்படிச் சொல்றதுக்கு வழி வச்சிருக்காங்க. தேடினால் கிடைக்கும். கையால் எழுதின கிழமைப் பேரை அழிச்சேன். பேரும் லைப்ரரியிலிருந்தே வரட்டும் என்று வச்சேன். இனித் தள்ளினால் பேரும் தேதியும் சேர்ந்து தள்ளும். பதிவானதும் தேதியோடு கிழமையையும் காட்டுகிற மாதிரி செய்தேன். அது முதலிலேயே இருந்திருக்கணும். எந்த லைப்ரரி எந்த வெர்ஷன் என்று எழுதி வைக்கிற ஃபைல் ஒண்ணு உண்டு. அதையும் சேர்த்து வச்சேன். இனி எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் இதேதான் வரும். ஃபோல்டரை அழிச்சுட்டு முழுசாகத் திரும்ப இறக்கினேன். சிவப்பு இல்லை.

சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் மாட்டியிருந்தேன். அதைக் கழற்றி மடியில் வச்சுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். அடுத்த மாசம், அதுக்கு அடுத்த மாசம். தமிழ், பிரெஞ்சு. எல்லாம் அதது இடத்தில்.

ஏத்தலாம். கை போகவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டவுனுக்குள் வர அந்த நேரத்தில் டிராஃபிக்.

சிஸ்டர் போன் வந்தது.

"வந்துட்டாருக்கா."

"எப்படி இருக்காரு?"

"மீன் வண்டியில முன்னாடி உக்காந்து வந்தாரு. வார்டு பூரா நாத்தம். உடம்புல தண்ணி சேர்ந்து எடை ஏகத்துக்கு ஏறிக் கெடக்கு. மேல்மூச்சு வாங்குது. ஆனா டாக்டர் பார்த்துட்டாரு. படுக்க வச்சாச்சு. மெஷின் ஓடுது."

சரி என்றேன். போனை வச்சுட்டுத் தண்ணி குடிச்சேன். காலையிலிருந்து குடிக்கவில்லை என்று அப்பதான் தெரிஞ்சது. அப்புறம் சர்வரில் ஏத்தினேன்.

சாயந்திரம் சென்டருக்குப் போனேன். மதாம் வாசலில் நின்னுக்கிட்டு இருந்தாங்க. நடந்ததை எல்லாம் சொன்னேன். யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. கடை செய்தது.

"இப்ப சரியா?"

"சரி மதாம். இனி ஏதாவது மாத்துனா உங்க சிஸ்டரும் நானும் சேர்ந்து பார்த்த பெறவுதான் ஏத்துவேன்."

"பொன்," என்றாங்க. அவங்க நல்லது என்பதற்கு அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம், "இனிமே நானும் தமிழ்ப் பக்கத்தப் பார்க்கறேன்," என்றாங்க.

உள்ளே போனேன். அவருக்கு டயாலிசிஸ் முடிஞ்சிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் தெளிஞ்சிருந்தது. மூச்சு சீராக இருந்தது. மன்னிச்சுக்குங்க ஐயா என்றேன்.

"நீதானா அது?" என்றார். "கையில நல்ல சீட்டு வந்திருந்துது. பாதியில எழுப்பிக் கொண்டாந்துட்ட."

"வாய மூடுங்க," என்றாங்க அந்தம்மா. மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாங்க: "அடுத்தது எப்ப வரணும்?"

"திங்கக்கிழமம்மா," என்றேன்.

"உன்ன யார் கேட்டது? சிஸ்டரு, நீ சொல்லு."

சிஸ்டர் சிரிச்சுட்டாங்க. "திங்கள்தாம்மா."

"தேதி?"

சிஸ்டர் தேதியும் சொன்னாங்க. அந்தம்மா விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாங்க. சரியாக வந்தது. அவரைக் கையைப் பிடிச்சு எழுப்பி, மெதுவாக வெளியே நடத்திக்கொண்டு போனாங்க.