மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே

நேற்று என் மகள் போனைப் பார்த்து ஒரு சீனக் கதை வாசித்தாள். ஓடும் படகிலிருந்து வாளை ஆற்றில் தவறவிட்டவன், விழுந்த இடத்துக்கு அடையாளமாகப் படகிலேயே ஒரு கோடு கீறினானாம்; கரை சேர்ந்ததும் கோட்டுக்கு நேர் கீழே இறங்கித் தேடினானாம். பழசைப் பிடித்துக்கொண்டு மாறமாட்டேன் என்கிறவர்களைச் சொல்ல, அங்கே இதற்கு நாலே எழுத்தாம். அவள் சிரித்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அந்தக் கோட்டைக் கீறியவள் நான்தான்.

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, புளியங்குடித் தாய்மாமன் மகனோடு நிச்சயம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் டீச்சர் ட்ரெய்னிங்குக்கு இடம் கிடைத்த கடிதம் அவள் தலையணைக்கு அடியில் கிடந்தது. "மாமன் மகன் இருக்கையில வேற என்ன பேச்சு? நம்ம வீட்டுல வழிவழியா இப்படித்தான்" என்று அப்பா முடித்துவிட்டார்.

புளியங்குடியில் மாப்பிள்ளை வீட்டு விசேஷம் முடிந்து நானும் அத்தையும் சங்கரன்கோவில் பஸ்ஸில் திரும்பினோம். எலுமிச்சை மூட்டைகளின் வாசம். ஜன்னலோரம், முழங்காலை ஆட்டிக்கொண்டே அத்தை. "ஏட்டி, கையில கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றாள். ஊற்றினேன். நிச்சய மோதிரத்தைத் திருகினாள், திருகினாள், விரல் சிவக்கும்வரை. கையை வெளியே நீட்டினாள். வெயிலில் ஏதோ மின்னியது. வெறும் விரல் உள்ளே வந்தது.

"அத்தே, மோதிரம்!"

"விழுந்துட்டு. சத்தம் போடாத."

அவள் பதறவில்லை, அதனால் நான் பதறினேன். ஸ்லேட்டுக் குச்சியால் ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வெளியிலிருந்து மூன்றாவது ஜன்னலை எண்ணி, பஸ்ஸுக்கு அடியில் நுழைந்தேன்.

"ஏட்டி, டயருக்கடியில என்னத்தத் தேடுத?" என்று கண்டக்டர் குனிந்தார்.

"அத்தை மோதிரம். இங்கனதான் விழுந்துட்டு. அடையாளம் போட்டிருக்கேன்!"

"அப்ப நாளைக்கும் இதே பஸ்ஸுல வா மக்கா. கிடைச்சாலும் கிடைக்கும்."

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. நிச்சயத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

வீட்டில் விசாரணை. "தானா விழுந்துட்டு, நான் பார்த்தேன்" என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். நிச்சய மோதிரம் தொலைந்தால் அந்தச் சம்பந்தம் ஆகாது. மாப்பிள்ளை வீட்டில் அதுவும் வழிவழியாக வந்த நம்பிக்கைதான். மறுவாரமே தாம்பூலத் தட்டு திரும்பிப் போயிற்று. அடுத்த மாதம் அத்தை பெட்டியோடு பாளையங்கோட்டை பஸ் ஏறினாள்.

நான் மட்டும் வெகுநாள், புளியங்குடி பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி என் கோட்டைத் தேடினேன். நிச்சயத்தன்று அந்த மோதிரத்தை அத்தை விரலில் ஏற்ற இரண்டு பேர் பட்ட பாட்டைப் பார்த்தவள்தான். அது தானாக எப்படி விழும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் ஊற்றியவளும் நான்தான்.