துவைத்த சீருடை

மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, வருகிறவளுக்கான நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போடுகிறார் சார்ஜென்ட். எழுந்து ஓடிவிட வேண்டும் என்று தோன்றினால் யாரையும் தாண்டாமல் ஓடலாம் அல்லவா? கிரீச்சிடும் மின்விசிறியை நிறுத்துகிறார். தொப்பியைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு மூடுகிறார்.

படை முகாமில் பெண் சிப்பாய்கள் கொடுக்கும் பாலியல் புகார்களை விசாரிப்பது இந்தப் பெண் சார்ஜென்டின் வேலை. சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் போதும், பேச்சு கப்சிப். முதுகுக்குப் பின்னால் இவருக்கு ‘ஏழரை’ என்று பெயர். "இருந்துட்டுப் போறேன், பயந்தாவது ஒழுங்கா இருப்பானுங்கல்ல" என்பார். உண்மையில் பயந்துகொண்டிருப்பது இவர்தான். விசாரித்து எழுதுவதோடு இவர் அதிகாரம் முடிந்தது. வழக்கு நடத்தலாமா, வேண்டாமா என்று சொல்வது முகாம் தளபதி. புகாரில் மாட்டிய அதிகாரியோடு தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுகிற அதே தளபதி!

இன்று வந்திருப்பவள் லாரி ஓட்டும் சிப்பாய், சின்னப் பெண். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஏன் கத்தவில்லை, ஏன் தனியாகப் போனாய் என்றெல்லாம் சார்ஜென்ட் யாரையும் கேட்பதில்லை.

"எது ஞாபகம் வருதோ அதைச் சொல்லும்மா. முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல."

திக்கித் திணறிச் சொன்னாள். நேற்று மாலை ஸ்டோர் அதிகாரி டயர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியது. பலம் கொண்டமட்டும் அவன் கையைப் பிறாண்டியது. அவன் ரத்தம் தன் சட்டையில் ஒட்டியது.

சார்ஜென்டுக்கு உயிர் வந்தது. "அந்தச் சட்டை எங்கம்மா?"

"துவைச்சிட்டேங்க்கா."

"ஐயோ, ஏம்மா?"

"காலையில இன்ஸ்பெக்ஷன் இருந்துச்சே. துவைச்சு, இஸ்திரி போட்டு நின்னேன்."

இடியே விழுந்தாலும் காலையில் மடிப்புக் கலையாமல் நிற்க வேண்டும் என்று பழக்கியவர்கள் யார்? இதே படைதான். நாளைக்கு அதையே குற்றமாகவும் சொல்லும். 'இஸ்திரி போட்டு வரிசையில நின்னவளுக்கு என்ன பெருசா நடந்திருக்கும்?' தளபதியின் குரல் இப்போதே காதில் விழுந்தது. பற்றிக்கொண்டு வந்தது சார்ஜென்டுக்கு.

"தப்புப் பண்ணிட்டேனாக்கா?"

"உன் மேல ஒரு தப்பும் இல்ல. துவைச்சாலும் தையல் இடுக்குல கொஞ்சம் மிச்சம் இருக்கும். பரிசோதனைக்கு அனுப்பிடலாம். எங்க வச்சிருக்க?"

அவள் தன் சட்டைக் கையைத் தொட்டாள். "இதுதாங்க்கா."

இன்னொரு சட்டை கிழிந்து தையலுக்குப் போயிருக்கிறதாம். இதைக் கொடுத்துவிட்டால் நாளைக் காலை இன்ஸ்பெக்ஷனுக்குப் போட ஒன்றுமில்லை. புதிது வேண்டுமென்றால் ஸ்டோரில்தான் கேட்க வேண்டும். அவனிடம்! கேட்ட மாத்திரத்தில் அவன் உஷாராகிவிடுவான். சட்டை இல்லாமல் நின்றாலோ, ஏன் எதற்கு என்று முகாமே குடைந்துவிடும்.

"இன்னிக்கு ராத்திரியும் இதையே அலசித்தான்க்கா போடணும்" என்றாள்.

சார்ஜென்ட் எழுந்தார். நாளைக்குத் தளபதி முன்னால் போய் நிற்பதற்காக அலமாரியில் தொங்கவிட்டிருந்த தன் சட்டையை எடுத்தார். வருஷக்கணக்காக உழைத்து வாங்கிய பதவிப் பட்டைகளைப் பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். பிசிறுகளை நகத்தால் பிடுங்கி ஊதினார்.

"அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாரு" என்று நீட்டிவிட்டு, கதவைத் தாழிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.