ஆதிலட்சுமியின் புறங்கை

பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்து ஆதிலட்சுமி பதினெட்டு வருஷம் மீன் கூடை சுமந்தவள். படகு கரையேறியதும் ஏலத்தில் மல்லுக்கு நின்று மீன் எடுத்து, ஐஸ் போட்டு மூடி, டவுனுக்குள் தெருத்தெருவாக அலைந்து, மத்தியானத்துக்குள் கூடையைக் காலி செய்துவிடுவாள். கடைசியில் முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. இனிமேல் தலையில் பாரம் ஏற்றினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீட்டில் நடக்கும் ஒரு ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் சோப்பு நுரையில் கை ஊறிக் கிடந்தாள். ஒரு நாள் சர்வர் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, மேனேஜர் சந்திரமோகன் வேறு வழி தெரியாமல் இவளுக்கு யூனிபார்ம் புடவையைக் கொடுத்து ஹாலுக்கு அனுப்பினார். தெருவெல்லாம் பேரம் பேசிப் பழகிய வாய்க்கு மேசைக்காரர்களைச் சமாளிப்பது ஒரு பெரிய வேலையா? ஒரு தடவை வந்தவர்கள் மறு தடவை அந்த அக்கா எங்கே என்று கேட்டார்கள். ஃபேன் காற்று, மடிப்புக் கலையாத புடவை, சாப்பிட்டு எழுந்து போகிறவர்கள் சொல்லும் நன்றி, எல்லாமே அவளுக்கு உயிராகப் பிடித்துப்போனது. கழுவுகிற தொட்டிப் பக்கம் இனி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்த ஒயின் குறுக்கே வந்து நின்றது. ரெட் ஒயினைக் கொஞ்சம் குளிர வைத்துக் கொடுங்கள் என்று ஒரு மேசையில் கேட்டார்கள். ஆதிலட்சுமி மீனுக்குச் செய்வதையே அதற்கும் செய்தாள். பாட்டிலைக் கழுத்து வரை ஐஸில் புதைத்து முக்கால் மணி நேரம் விட்டுவிட்டாள். மீன்காரிக்கு ஐஸில் கஞ்சத்தனம் ஏது? எவ்வளவு போட்டாலும் மீனுக்கு நல்லதுதான். ஒயினுக்கு அப்படியில்லையே! பல் கூசுகிறது, மணமும் இல்லை, ருசியும் இல்லை என்று ஒரே ரகளை. சந்திரமோகன் அவள் இடுப்பில் தொங்கிய கார்க் திருகும் ஓப்பனரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் ரெட் ஒயினை யாரும் ஐஸ் பக்கம் கொண்டுபோகக் கூடாது, இன்னொரு புகார் வந்தால் மறுபடி பாத்திரம்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அன்றைக்கு ஒன்று நடந்ததை அவர் கவனிக்கவில்லை. அதே மேசையில், சாப்பாடு முடிகிற நேரத்தில், ஐஸை விட்டு வெளியே மேசையிலேயே நின்ற பாட்டிலில் மிச்சமிருந்த ஒரு கிளாஸைக் குடித்துவிட்டு, இது மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். ஆதிலட்சுமி சும்மா இருப்பாளா? காலி பாட்டிலை எடுக்கிற சாக்கில் அதன் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் புறங்கையை வைத்தே, அது எத்தனை நேரம் ஐஸில் இருந்தது என்று சொல்கிற கை அது. மண்பானைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதலான குளிர்ச்சி, அவ்வளவுதான். அந்தக் கை அதை மறக்கவே இல்லை.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்குக் கரண்ட் வேறு போய்விட்டது. ஜெனரேட்டரில் ஃபேன் மட்டும்தான் ஓடும். அந்த நேரம் பார்த்து சுப்பராயன் தன் மனைவி பாக்யலட்சுமியோடு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி பென்ஷனில் வாழ்கிற மனிதர். இந்த ஊரில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அன்றைக்கு அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். பிரான்சில் இருக்கும் மகள் போன வாரம் கொண்டுவந்து கொடுத்த ஒரு பாட்டில் ரெட் ஒயினைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்தபடி வந்து மேசையில் வைத்தார். ரெட் ஒயினை அறையின் சூட்டில்தான் குடிக்க வேண்டும் என்பது அவர் பட்டாளத்தில் கற்ற பாடம். அதில் அவரை அசைக்க முடியாது.

சந்திரமோகனே வந்து கார்க்கைத் திருகி ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா ஒரு வாய் உறிஞ்சினார். முகம் சுண்டிப்போனது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, கிளாஸை மெதுவாக ஓரம் தள்ளிவைத்தார்.

சொல்தா ஆதிலட்சுமியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். நாற்பது வருஷமாக இதே கதைதான் என்றார். ஒரே ஒரு தடவையாவது மனைவி தன்னோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிப்பாள் என்று பார்ப்பாராம்; அவளுக்கு ஒயின் ஒத்துக்கொள்ளாதாம். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஆதிலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை.

வறுத்த வஞ்சிரத் தட்டு வந்தது. மேசையில் இடம் போதாமல், பாட்டிலை அந்தப் பக்கம் வைம்மா என்று அவரே எடுத்து நீட்டினார். வாங்கியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டில் கொதிக்கிற வெயிலில் கிடந்த மாதிரி இருந்தது. அறையின் சூடாம். எந்த ஊர் அறை? பிரான்சில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிற அறை எங்கே, வேர்த்து ஊற்றுகிற இந்த அறை எங்கே?

ஒரு நிமிஷம் யோசித்தாள். புகார் வந்தால் நாளைக்கே தொட்டிக்குப் போக வேண்டியதுதான். ஆனாலும் கால் சமையற்கட்டுக்குள் போய்விட்டது. வாளியில் ஐஸைக் கொட்டி, பாதி வாளி தண்ணீரும் ஊற்றினாள். வெறும் ஐஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடும், தண்ணீர் சேர்ந்தால்தான் சுற்றி வளைத்துப் பிடிக்கும் என்பது மீன் பெட்டியில் படித்த பாடம். கார்க்கைச் செருகி, பாட்டிலை அதில் நிறுத்தினாள். ஐந்து நிமிஷத்தில் எடுத்துப் புறங்கையை வைத்தாள், பத்தவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம். மூன்றாவது தடவை எடுத்தபோது கை சரி என்றது. ஈரம் தெரியாமல் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, புதுக் கிளாஸில் அந்த அம்மாவுக்கு ஊற்றினாள்.

பாக்யலட்சுமி வேண்டாம் என்று கையசைக்கப் போனவர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் குடித்தார். வஞ்சிரத்தில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு மறுபடி குடித்தார். சொல்தா தன் கிளாஸை நீட்டி ஊற்றச் சொல்லி, வாயில் வைத்தவுடனே புருவத்தைச் சுருக்கினார்.

"பாட்டில என்னம்மா பண்ண?"

சந்திரமோகன் வேகமாக வந்து நின்றார். பொய் சொல்லலாம். ஆனால் அவளுக்கு வாய் வரவில்லை.

"ஐஸ் தண்ணில வெச்சேங்கய்யா."

சந்திரமோகன் முகத்தில் ஈயாடவில்லை. மன்னிப்புக் கேட்க அவர் வாயைத் திறப்பதற்குள் பாக்யலட்சுமி முந்திக்கொண்டார். கிளாஸ் காலியாகியிருந்தது.

"ஏங்க, நாப்பது வருஷமா சுடச்சுட குடுத்துட்டு எனக்கு ஒத்துக்கலன்னா சொல்லிக்கினு இருந்தீங்க?"

சொல்தா பெஞ்சாதியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், வெட்கத்தோடு சிரித்தார். பிறகு தன் கிளாஸில் இருந்ததையும் அந்த அம்மாவின் கிளாஸில் சாய்த்துவிட்டார். இரண்டு பேரும் வஞ்சிரத்தை மறந்து பேச ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் நடந்த கதையெல்லாம் வெளியே வந்தது. பாட்டில் எப்போது தீர்ந்தது என்றே தெரியவில்லை.

இன்னொன்று வேண்டும் என்று கேட்டது அந்த அம்மாதான். சந்திரமோகன் அலமாரியிலிருந்து ரெட் ஒயின் ஒன்றை எடுத்தார். மேசைக்குப் போகவில்லை, நேராக ஆதிலட்சுமியிடம் வந்தார். பையிலிருந்த ஓப்பனரையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து நீட்டினார்.

"தொட்டுப் பாத்து சொல்லுங்க ஆதிக்கா."

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலின் மேல் புறங்கையை வைத்தாள். ஒன்றும் அவசரப்படவில்லை.

"பத்து நிமிஷம் ஆவும் சார். காத்திருக்கச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு, அதைச் சொல்வதற்காக மேனேஜர் மேசைக்குப் போனார்.